கவனிக்காமல் விட்ட வளர்ப்பு நாய் இறந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வாசலில் நாய் கட்டியிருக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பல நாய்கள் குட்டியாக வந்த முதல் ஆறு மாதம் வீட்டின் நடுவில் வளர்ந்து, பிறகு மெல்ல மாடிப்படிக்கு அடியிலோ கொல்லைப்புறத்திலோ சங்கிலியில் ஒதுங்கி, ஒரு நாள் யாரும் பார்க்காத நேரத்தில் இறந்துபோகின்றன. எங்கள் வீட்டு மணியும் அப்படித்தான் இறந்தது. அதன் பிறகு இதே நிலையில் இருந்த உறவினர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நோய்களைப் பற்றி எழுதியிருப்பவை கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

காலையில் பார்த்தபோது நாய் இறந்து கிடந்தது. உடனே என்ன செய்ய வேண்டும்?

கையுறையோ, அது இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு, அது உண்மையிலேயே இறந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வெயிலில் மயங்கிய நாயும் ரத்தம் வற்றிய நாயும் அசைவில்லாமல் கிடக்கும். முன்னங்காலின் முட்டி நெஞ்சில் படும் இடத்தில், இடப்பக்கமாகக் கை வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால் துடிப்பு இருந்தால் தெரியும். வாய்ப்பக்கம் கை கொண்டுபோக வேண்டாம்.

கோடையில் உடல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும் என்பதால் அடக்கத்தை அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. சொந்த நிலம் இருந்தால் கிணறு, ஆழ்துளைக் கிணறு, கண்மாய், வாய்க்கால் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, குறைந்தது மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே நான்கடியாவது வேண்டும். மூடிய பிறகு தெரு நாய்கள் தோண்டாதபடி மேலே கற்களை அடுக்குங்கள். இடமில்லாத நகர வீட்டுக்காரர்கள் தங்கள் பகுதி மாநகராட்சி அலுவலகத்திலோ தூய்மைப் பணியாளர்களிடமோ சொன்னால் உடலை எடுத்துச்செல்வது பற்றி வழி சொல்வார்கள்.

குப்பைத் தொட்டியிலும் வைகையிலும் போடாதீர்கள். சுகாதாரம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. சாக்கில் கட்டி இரவோடு இரவாக ஆற்றில் போட்டுவிட்டு வந்த ஒருவர், ஓராண்டு கழித்தும் ஏ.வி. பாலத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதாக என்னிடம் சொன்னார். உயிரோடு இருந்தபோது செய்யத் தவறியவை ஏற்கனவே மனத்தில் கிடக்கின்றன. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

அது வெறிநோயில் இறந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயம் தேவையா?

தடுப்பூசி போடாத நாயாக இருந்து, கடைசி நாட்களில் குணம் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், பின்னங்கால் இழுத்து இறந்திருந்தால் தேவைதான். வெறிநோய் கண்ட நாய், அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி இருக்கக்கூடும். அந்த நாட்களில் அது கடித்தவர், பிறாண்டியவர், காயத்திலோ உதட்டிலோ கண்ணிலோ எச்சில் பட்டவர், மாத்திரை ஊட்டுவதற்காக வாய்க்குள் கை விட்டவர் ஆகிய எல்லோரும் தயங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடி புதிதாக இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுப் போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. காயமில்லாத தோலால் தொட்டதற்கும், கூடவே உட்கார்ந்திருந்ததற்கும் பயம் வேண்டியதில்லை. நாயைக் கவனிக்காமல் விட்டது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு. அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து இல்லை. அதனால் அந்த வெட்கத்தை அன்று ஒரு நாளைக்காவது ஒதுக்கி வையுங்கள்.

இறந்த பிறகு காரணத்தைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதைக் காப்பாற்றக் காரணம் தெரிய வேண்டும். யாரும் இல்லாவிட்டாலும் தெரிய வேண்டும் என்றே சொல்வேன். ஏனென்றால், காரணம் தெரியாத மனம் எல்லாவற்றையும் காரணமாக்கிவிடும்: முந்தின இரவு வைத்த ரசஞ்சோறு, போன வாரம் கோபத்தில் வீசிய செருப்பு, குரைத்தபோது போட்ட அதட்டல். அரசு கால்நடை மருத்துவமனையில் உடற்கூறாய்வு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உடல் கெடுவதற்குள், சில மணி நேரத்தில் கொண்டுபோனால்தான் பயன். அது முடியாமல் போனாலும், கடைசி இரண்டு வாரத்தை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு தடம் கிடைக்கும்.

நம் பக்கத்தில் அடிக்கடி பார்ப்பது உண்ணிக் காய்ச்சல். சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளிறும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். உண்ணி கடித்த பிறகு இந்தக் கிருமி மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், வெளியே எதுவும் காட்டாமல் உடம்புக்குள் இருக்க வல்லது. குட்டி ரத்தபேதியும் வாந்தியுமாக இரண்டு மூன்று நாளில் இறந்திருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். எலி நடமாடும் இடத்தில் கட்டிக் கிடந்து, மழைக்காலத்தில் கண் மஞ்சளித்து இறந்திருந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அது நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும் என்பதால், அந்த இடத்தைக் கழுவியவருக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் கட்டும் நோய் உண்டு. அவை அதிகம் தண்ணீர் குடித்து, வயிறு உப்பி, சோர்ந்து போகும். தோட்டத்துக் காவலுக்குக் கட்டிய நாயைப் பாம்பு தீண்டுவதும் நடக்கிறது. சங்கிலியில் இருப்பதால் விலகி ஓட அதற்கு வழி இருக்காது.

பிறகு வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். கத்திரி வெயில் நாட்களில் தகரக் கூரைக்கு அடியில், காற்றே அனலாக இருக்கும் இடத்தில் எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு இறங்காது. சப்பை மூக்குள்ள பக் போன்ற நாய்களுக்கும், அடர்ந்த முடியுள்ள வெளிநாட்டு இன நாய்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நான் ஒழுங்காகக் கவனித்திருந்தால் அது பிழைத்திருக்குமா?

இதைக் கேட்பவர்களிடம் எல்லோரும் "உன் மேல் தப்பு இல்லை" என்றே சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. அது உண்மையில்லை என்பது கேட்பவருக்கே தெரியும். அந்த ஆறுதல் ஓர் இரவுகூடத் தாங்காது. "நான்தான் கொன்றேன்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் உண்மையில்லை. கணக்கைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிப் பார்ப்பது ஒன்றுதான் எனக்கு உதவியது. அதனால் என் கணக்கையே சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா இருந்தவரை மணிக்கு மூன்று வேளைச் சோறும், வேப்பமர நிழலும், சாயங்காலம் அவிழ்த்துவிடும் ஒரு மணி நேரமும் இருந்தன. அப்பத்தா காலமான பிறகு அந்த வேலை யாருடையது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவரவர் கண்ணில் பட்டபோது சோறு வைத்தோம். வீட்டை விரித்துக் கட்டியபோது வேப்பமரத்தை வெட்டி, மணியைப் பக்கவாட்டுச் சந்தில் கட்டினோம். ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் குடும்பத்தோடு மதுரைக்குப் போய் இரண்டு நாள் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்தபோது சங்கிலி தூணில் சுற்றிக் கிடந்தது, சட்டி கவிழ்ந்திருந்தது, மணி இறந்திருந்தது. காலையில் நாங்கள் கட்டிய இடம் நிழல். பதினொரு மணிக்கு மேல் அங்கே நிழல் கிடையாது, நிழலுக்கு நகரச் சங்கிலியின் நீளமும் போதாது.

சில வாரம் கழித்து ஒரு நோட்டில் எழுதினேன். சங்கிலி குட்டை என்பது எனக்குத் தெரியும், மாற்றவில்லை. சட்டி அடிக்கடி கவிழும் என்பதும் தெரியும். கனமான கல்தொட்டி வாங்க நினைத்து வாங்கவில்லை. மதியம் அங்கே வெயில் விழும் என்பது தெரியாது என்று எழுதப் போனேன், எழுதிவிட்டு அடித்தேன். ஒரு நாள் மதியம் அந்தப் பக்கம் போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு வெயில் எப்படி இருக்கும் என்பதும், பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாக ஊருக்குப் போக நேரும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவற்றை என் பெயரில் எழுதவில்லை. முன்பு ஒரு முறை தெரு நாய்கள் கடித்துக் குதறியபோது மணியை மடியில் வைத்துக்கொண்டு திருமங்கலம் வரை போய், குளுக்கோஸ் இறங்கி முடியும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதினேன். கணக்கு என்றால் வரவும் இருக்க வேண்டும்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கும். உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருந்த மாதங்களில் நன்றாக ஓடியாடிய நாயைப் பார்த்து நோயை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? அது உங்கள் பெயரில் ஏறாது. காதுக்குள் கொத்துக்கொத்தாக உண்ணி இருந்ததைப் பார்த்தும் தள்ளிப்போட்டிருந்தால் அது ஏறும். தெரிந்தவர் ஒருவர், கூப்பிட்டால் வராத முரட்டு நாய் என்று தன் வெள்ளை இராஜபாளையம் நாயைக் கடைசிவரை கட்டியே வைத்திருந்தார். அந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தெரியாதது குற்றமா என்று அவர் கேட்டார். தெரியாமல் இருந்தது குற்றமில்லை, ஆனால் ஐந்து ஆண்டில் ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டியிருக்கலாம் என்றேன். அவர் அழுதார். ஆனால் அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு தூங்கியதாகச் சொன்னார்.

கவனிக்காமல் விட்ட எனக்கு அழ உரிமை உண்டா? "நாய்தானே" என்கிறார்கள் வீட்டில்.

உண்டு. அன்பு இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே வராது. அன்பும் அலட்சியமும் ஒரே மனத்தில் பல ஆண்டுகள் சேர்ந்தே இருந்திருக்கின்றன. சாவு வந்த பிறகுதான் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கின்றன. அதனால்தான் நன்றாக வளர்த்து இறந்த நாய்க்கு அழுவதைவிட இந்த அழுகை கசப்பாக இருக்கிறது.

நம் பக்கத்தில் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு, வேட்டி சாத்தி, கொட்டு முழங்க ஊரே கூடி அடக்கம் செய்கிறோம். விலங்குக்காக அழுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காளைக்குக் கிடைக்கும் அந்த மரியாதை வாசலில் கிடந்த நாய்க்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். "நாய்தானே" என்பவரிடம் வாதாட வேண்டாம். "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

நாயைக் கேட்டு அடம்பிடித்தது எங்கள் பையன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவனும் அவன்தான். இப்போது அவனிடம் எப்படிப் பேசுவது?

"நீ ஒழுங்காகப் பார்த்திருந்தால் செத்திருக்காது" என்ற வாக்கியம் உங்கள் வீட்டில் எவர் வாயிலிருந்தும் வரக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை தரும் வாக்கை நம்பி ஓர் உயிரை ஒப்படைத்தவர்கள் பெரியவர்கள். பிள்ளை சலித்துப்போவான் என்பது தெரிந்தே ஒப்படைத்தோம். அதனால் அந்தப் பொறுப்பை முதலில் நீங்கள் அவன் எதிரில் ஏற்றுக்கொள்ளுங்கள்: "தம்பி, தண்ணீர் வைப்பதும் டாக்டரிடம் கூட்டிப்போவதும் அப்பாவும் அம்மாவும் செய்திருக்க வேண்டியது. நாங்கள் செய்யவில்லை." பெற்றோர் இப்படிச் சொல்வதைக் கேட்கும் பிள்ளை, தன் பங்கைத் தானாகவே சொல்வான். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடிப்போய்விட்டது, தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் தெருவில் தெரிந்துகொள்வார்கள். தூங்குகிறது என்றும் சொல்ல வேண்டாம். சிறு குழந்தைகளுக்குத் தூக்கத்தின் மேலேயே பயம் வரும். இறந்துவிட்டது, இனி வராது என்று நேராகச் சொல்லி, விரும்பினால் அடக்கத்தின்போது ஒரு பிடி மண் போட விடுங்கள்.

வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

பெரும்பாலான வீடுகளில் இதன் அடியில் இருப்பது, அந்த நாய் யாருடையது என்று முடிவாகாமல் போனதுதான். வாங்கி வந்த அண்ணன் சென்னையில் இருப்பார். காவலுக்கு வேண்டும் என்ற அப்பா சோறு வைக்க மாட்டார். வேண்டாம் என்று முதல் நாளே சொன்ன அம்மாதான் கடைசிவரை மிச்சச் சோற்றையாவது வைத்திருப்பார். இப்போது எல்லோருடைய குற்ற உணர்வும் அந்த அம்மா மேல் போய் விழும். அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். வேறு எவரையும்விட அவர்தான் அந்த நாயோடு அதிக நேரம் இருந்தவர்.

பைரவர் வாகனம் ஆயிற்றே, பாவம் பிடிக்குமா? பரிகாரம் உண்டா?

நம்பிக்கை உள்ளவர்களிடம் நம்பிக்கையை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தேய்பிறை அஷ்டமியில் பைரவர் சன்னதிக்குப் போய் விளக்கேற்றினால் மனம் அடங்கும் என்றால் போங்கள். ஆனால் நாய் செத்த பிறகு வீட்டில் நடக்கும் ஒவ்வொரு கெட்டதையும் அதன் சாபம் என்று படிக்கத் தொடங்காதீர்கள். வாழ்ந்த நாளெல்லாம் சங்கிலி நீளத்துக்குள் நம் காலடிச் சத்தத்துக்கு வாலாட்டிய உயிர் அது. அதன் பெயரில் சாபத்தை ஏற்றுவது அதற்குச் செய்யும் இன்னொரு அநியாயம்.

பரிகாரத்துக்குப் பெரும் தொகை கேட்பவர்களிடம் கொடுப்பதைவிட, அதே பணத்தில் உங்கள் தெருவில் திரியும் பெண் நாய் ஒன்றுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வியுங்கள். கோடையில் வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். கொசு வராதபடி தினமும் மாற்றுங்கள். இறந்த நாய்க்கு இது ஈடாகாது. ஈடு என்று நினைத்துச் செய்தால் இரண்டு வாரத்தில் சோர்ந்து விட்டுவிடுவீர்கள்.

இன்னொரு நாய் இருக்கிறது, அது சாப்பிடவில்லை.

கூட வாழ்ந்த நாய் போனால் சில நாள் தேடும், குறைவாகச் சாப்பிடும். ஆனால் துக்கம் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். ஒரே உண்ணியும் ஒரே கிருமியும் இதற்கும் இருக்கலாம். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சட்டப்படி இது குற்றமா?

விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. வளர்ப்பவர் போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் தராமல் விடுவதும், குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் அதன்படி குற்றமே.

இந்த வேதனை எத்தனை நாள் இருக்கும்?

நாள் கணக்குச் சொல்ல முடியாது. சங்கிலிச் சத்தம் கேட்பது போலத் தோன்றுவதும், மிச்சச் சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்புவதும் முதல் மாதங்களில் பலருக்கும் நடப்பவை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, வேலைக்குப் போக முடியாவிட்டாலோ, நான் வாழத் தகுதியில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும்கூட, 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனை எண் அது, தமிழில் பேசலாம். நாய்க்காகவா அழைத்தீர்கள் என்று கேட்பார்களோ எனத் தயங்க வேண்டாம்.

சங்கிலியையும் தட்டையும் என்ன செய்வது?

தட்டை வைத்துக்கொள்ளலாம். சங்கிலியை நான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

மறுபடியும் நாய் வளர்க்கலாமா?

பார்வோவில் இறந்திருந்தால், அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், தடுப்பூசி முடியாத குட்டியை ஓராண்டுக்காவது அந்த இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம்வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தியதால் இறந்த குட்டிகள் நிறைய.

மற்றபடி, துக்கம் ஆறிவிட்டதா என்பதை நான் கேட்பதில்லை. முன்பு எது குறைவாக இருந்ததோ அது மாறியிருக்கிறதா என்றுதான் கேட்பேன். காலையில் தண்ணீர் மாற்றுவது யார், பெயரைச் சொல்லுங்கள். இருபது கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், கோடையில் இன்னும் அதிகம். மதியம் ஒரு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று போய்ப் பார்த்தீர்களா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்? வாடகை வீடு மாறினால்? மருத்துவத்துக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்க முடியுமா? இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால், மனத்தின் வெற்றிடத்தை நிரப்ப ஓர் உயிரைக் கொண்டுவர வேண்டாம். நாங்கள் மணிக்குப் பிறகு நான்கு ஆண்டு நாய் வளர்க்கவில்லை.

எங்கள் தெருவில் இன்னொரு வீட்டு நாய் இதே நிலையில் கிடக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்வார்களே?

"இப்படி வைத்திருக்கிறீர்களே" என்று தொடங்கினால் கோபித்துக்கொள்ளத்தான் செய்வார்கள்; மணி உயிரோடு இருந்தபோது என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்: "எங்கள் நாய் வெயிலில் போய்விட்டது. நிழல் நகர்ந்துவிடும் என்று தோன்றவே இல்லை." அவ்வளவு போதும், அறிவுரை வேண்டாம். பிறகு கூடுதலாக ஒரு கல்தொட்டி இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுங்கள். நான் போன ஆண்டு பங்குனியில் எதிர் வீட்டில் அப்படித்தான் கொடுத்தேன். இப்போது அந்த நாயைச் சாயங்காலம் அரை மணி நேரம் அவிழ்த்துவிடுகிறார்கள். சில நாள் அது எங்கள் வாசல்வரை வந்து போகிறது.